ஸ்டீராய்டு மாத்திரை வயிற்றில் அமிலத்தைக் கூட்டுமா? அம்மாவுக்கு வைசோலோன், நடுராத்திரி நெஞ்செரிச்சல்

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 10:12

அம்மாவுக்கு 61 வயது. முடக்குவாதம் என்று உறுதியாகி ஏழு வாரம் ஆகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தவை: தினமும் காலையில் வைசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மருந்து, மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட், கூடவே இரும்புச் சத்து மாத்திரை. முதல் இரண்டு வாரம் கேஸ் மாத்திரையும் இருந்தது. போன தடவை சீட்டில் அதை எடுத்துவிட்டார். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

பத்து நாளாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, வாயில் தண்ணீர் ஊறுகிறது. ஜெலுசில் இரண்டு மூடி குடித்தால் ஒரு மணி நேரம் தூக்கம். எதிர்வீட்டு அத்தை வந்து, "அது ஸ்டீராய்டு. ஆசிட்டை ஊற்றெடுக்க வைத்துக் குடலை அரித்துவிடும், தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா தினமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். இத்தனைக்கும் இந்த மாத்திரை வந்த பிறகுதான் அவரால் தானாகத் தலை பின்னிக்கொள்ள முடிகிறது. அதற்கு முன் சீப்பையே பிடிக்க முடியாது.

இரண்டு கேள்விகள். ஸ்டீராய்டு நிஜமாகவே அமிலச் சுரப்பைக் கூட்டுகிறதா? அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையான பான் 40 ஐ நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா? மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது.

குறும்பன்77 | ஞாயிறு, இரவு 10:31

கூட்டும். இதில் என்ன சந்தேகம்? என் பெரியப்பா மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டு இரத்த வாந்தி எடுத்தார். அத்தை சொன்னது சரி. மருத்துவர்கள்தான் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

மருந்துக்கடைச்செல்வி | ஞாயிறு, இரவு 11:05

தம்பி, முதலில் ஒன்று. வைசோலோனை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டாலே சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி "வெளியிலிருந்துதான் வருகிறதே" என்று தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். ஏழு வாரத்துக்குப் பிறகு சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குவது என்று வேறு வம்பு வரும். இறக்குவதென்றால் படிப்படியாகத்தான், அதுவும் மருத்துவர் சொல்லும் கணக்கில்.

பான் 40 கொடுப்பதாக இருந்தால் காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லா மாத்திரையையும் இட்லிக்குப் பிறகு ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு "கேஸ் மாத்திரை கேட்கவே இல்லை" என்பார்கள். வைசோலோன் அதற்கு நேர்மாறு, சாப்பிட்ட பிறகுதான். வியாழன் வரை கொடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனாலும் நாளைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் அம்மா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். சீட்டில் இருப்பது மட்டுமில்லை, எல்லாமே. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பழையபஞ்சாங்கம் | திங்கள், காலை 6:20

ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியன் நான். முதல் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் நோய்க்குத்தான் இந்த வகை மருந்து முதன்முதலில் பேர் வாங்கியது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950 இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. கொண்டாட்டம் அடங்குவதற்குள் அல்சர் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன.

அதற்குக் காரணம் தேடியவர்களுக்கு விடை ஏற்கெனவே கையில் இருப்பதுபோலத் தோன்றியது. எலிகளை எந்த வகையில் வதைத்தாலும் அட்ரினல் சுரப்பி பெருத்து, இரைப்பையில் புண் வருகிறது என்று 1936 இலேயே ஹான்ஸ் செல்யே எழுதியிருந்தார். 1951 இல் சீமோர் கிரே குழுவினர் நோயாளிகளுக்கு அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனும் கார்டிசோனும் கொடுத்து இரைப்பை நீரை அளந்தார்கள். அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் கூடியிருந்தன. முடிந்தது கதை. மன அழுத்தம், அட்ரினல், அமிலம், அல்சர் என்று ஒரு சங்கிலி போட்டுப் பாடப்புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா சொல்வது அந்த 1951 ஆம் ஆண்டுப் பாடம்தான். அவரைக் குறை சொல்லாதீர்கள், நானே பத்து வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

பின்னால் வந்த அளவீடுகளில் அந்த ஏற்றம் எல்லாரிடமும் தெரியவில்லை. குறுகிய காலம் கொடுத்துப் பார்த்தவற்றில் பலவற்றில் சுரப்பு அசையவே இல்லை. ஆனால் அட்ரினல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் தேவையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அட்ரினல் பழுதடைந்த அடிசன் நோயாளிகளிடம் அமிலச் சுரப்பு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்லுக்கு நேரடி உத்தரவு போடுகிறவர்கள் மூன்று பேர்: காஸ்ட்ரின், ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின். கார்டிசால் அந்த மூவர் பட்டியலில் இல்லை. செல் நலமாக இருந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிற நிலையில் வைத்திருப்பதுதான் அதன் வேலை.

குறும்பன்77 | திங்கள், காலை 9:02

ஐயா, 1951 இல் அமிலம் கூடியது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் கூடவில்லை என்றும் எழுதுகிறீர்கள். என் பெரியப்பா வாந்தி எடுத்த இரத்தம் எங்கிருந்து வந்தது?

பழையபஞ்சாங்கம் | திங்கள், காலை 9:50

நியாயமான கேள்வி. தொட்டி ஒழுகுகிறது என்றால் குழாயில் தண்ணீர் அதிகம் வந்ததால்தான் என்று இருக்க வேண்டியதில்லை. பூச்சு பெயர்ந்திருக்கலாம்.

இரைப்பையின் உள்சுவரைச் சளிப்படலமும் அதற்குள் தேங்கும் பைகார்பனேட்டும் காக்கின்றன. இரண்டையும் சுரக்க வைப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள். சுவருக்கு இரத்த ஓட்டத்தைத் தருவதும் அதுதான், அமிலச் செல்லை "போதும்" என்று அடக்கி வைப்பதும் அதுதான். ஸ்டீராய்டு இந்தப் புரோஸ்டகிளாண்டினுக்கான மூலப்பொருளை வெட்டிவிடுகிறது. ஆனால் முழுதாக இல்லை. இரைப்பையில் அன்றாடக் காவலுக்கான புரோஸ்டகிளாண்டினைத் தயாரிப்பது சைக்ளோஆக்சிஜனேஸ் 1 என்ற நொதி. ஸ்டீராய்டு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. புண் ஏற்பட்டால் ஆற்றுவதற்கு ஓடி வருகிற சைக்ளோஆக்சிஜனேஸ் 2 ஐத்தான் அமுக்குகிறது. புதுச் செல், புது இரத்தக் குழாய், கொலாஜன் எல்லாமே மெதுவாகிவிடும்.

டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் முதலாவதையும் சேர்த்து அடைக்கும். அதாவது வலி மாத்திரை சுவரில் ஓட்டை போடுகிறது, ஸ்டீராய்டு கொத்தனாரை உள்ளே விடவில்லை.

இதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1976 இல் கான், பிளிட்சர் இருவரும் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து, ஸ்டீராய்டுக்கும் அல்சருக்கும் தொடர்பில்லை என்றார்கள். 1983 இல் மெசர் குழு 71 சோதனைகளைக் கூட்டி, அல்சர் வந்தது ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 1.8 சதவீதம், எடுக்காதவர்களில் 0.8 சதவீதம், ஆகவே தொடர்பு உண்டு என்றது. 1994 இல் கான் மறுபடி வந்தார், இந்தத் தடவை பொய்னார்டுடன். 93 சோதனைகள், 6,602 பேர். மருந்தில்லாத வெற்று மாத்திரைக்காரர்களில் 0.3 சதவீதம் பேருக்கு அல்சர், ஸ்டீராய்டுக்காரர்களில் 0.4. ஏறத்தாழ இருபது வருடச் சண்டை.

எனக்குத் திருப்தி தந்தது 1991 இல் அமெரிக்காவின் டென்னசியில் வந்த பைப்பர் குழுவின் ஆய்வு. ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு அல்சர் வாய்ப்பு 1.1 மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் எடுத்தவர்களுக்கு, இரண்டும் எடுக்காதவர்களைவிட சுமார் 15 மடங்கு. 2014 இல் 159 சோதனைகளை, 33,253 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்கு இரத்தக் கசிவு அல்லது குடல் ஓட்டை வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை எடுத்தவர்களிடம் அப்படித் தெளிவான ஏற்றம் இல்லை.

உங்கள் பெரியப்பாவுக்கு என்ன நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வலி மாத்திரை எடுத்தாரா, வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி இருந்ததா என்று யாராவது பார்த்தார்களா?

குறும்பன்77 | திங்கள், காலை 10:15

முழங்கால் வலிக்கு ஏதோ சாப்பிடுவார். கிருமி எல்லாம் யாரும் பார்க்கவில்லை. சரி, கேட்டுக்கொள்கிறேன்.

நிலாமுற்றம் | திங்கள், பகல் 1:40

லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) நோயாளி நான். ஒன்பது வருடமாக ஸ்டீராய்டோடு குடித்தனம். என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் இதே மாதிரி எரிச்சல் வந்தது. பழியை நேராக வைசோலோன் மேல் போட்டேன். கடைசியில் திருடன் வேறு ஆள். ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும் என்பதால் வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் 70 மி.கி. கொடுத்திருந்தார்கள். அதை வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். நான் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி போர்வைக்குள் போய்விடுவேன். மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிட்டது.

இன்னொன்று, விழுங்கும்போது வலித்தால் அது அமிலம் இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீராய்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்து உணவுக்குழாயில் பூஞ்சை பிடித்தவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று அம்மாவிடம் துருவிக் கேளுங்கள். பசியும் ஒரு காரணம். ஸ்டீராய்டு ஆரம்பித்த முதல் மாதத்தில் நான் ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டா தின்றுவிட்டு அப்படியே படுத்திருக்கிறேன், அப்புறம் எரியாமல் என்ன செய்யும்?

பழையபஞ்சாங்கம் | திங்கள், பகல் 2:05

நல்ல இடம் பிடித்தீர்கள் அம்மா. எதுக்களிப்பு வேறு, அல்சர் வேறு. 2002 இல் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஏழு நாள் தினமும் 60 மி.கி. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்ததில், உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் கூடியிருந்தது. இரைப்பையில் எவ்வளவு சுரக்கிறது என்பது ஒரு கேள்வி. அது மேலே ஏறி வருகிறதா என்பது தனிக் கேள்வி. நோயாளிக்கு இரண்டும் ஒரே எரிச்சல்தான்.

தென்றல்_சென்னை | திங்கள், மாலை 4:30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழைய ரேன்டாக் அட்டை ஒன்று கிடக்கிறது, இந்த மாதிரி எரிச்சலுக்கு அதைப் போடலாமா?

மருந்துக்கடைச்செல்வி | திங்கள், மாலை 4:48

பழைய அட்டை எதையும் போட வேண்டாம். ரேன்டாக் என்பது ரானிடிடின். அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருந்ததால் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். இங்கேயும் 2022 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இரவுப்பணி | திங்கள், மாலை 6:10

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் நான். எல்லாம் படித்தேன். இன்னும் யாரும் கேட்காததை நான் கேட்கிறேன்: அம்மாவுக்கு மலம் என்ன நிறத்தில் போகிறது?

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அது கெட்டியாக, கரும்பச்சை கலந்து இருக்கும். இரத்தம் கசிந்தால் தார் மாதிரிப் பளபளப்பாக, கோப்பையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் போகாது. நாற்றமும் வேறு. ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

ஸ்டீராய்டில் இருப்பவர்களிடம் வயிற்று வலியை நம்பக் கூடாது. அதாவது வலி இல்லை என்பதை நம்பக் கூடாது. குடலில் ஓட்டை விழுந்தால் வயிறு பலகை மாதிரி இறுக வேண்டும், காய்ச்சல் வர வேண்டும். ஸ்டீராய்டு இரண்டையும் மூடி மறைத்துவிடும். ஒரு முறை ஒரு பெரியவர் சாப்பாட்டுப் பையோடு தானாக நடந்து வந்து "லேசா உப்புசமா இருக்கு சிஸ்டர்" என்றார். எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று நின்றது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

வைகைக்கரையான் | திங்கள், இரவு 9:25

செல்வி அக்கா, உங்கள் சந்தேகம் சரி.

மாத்திரை எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன். அம்மா டப்பாவைக் கவிழ்த்தார், சீட்டில் இருப்பவைதான். "வேறு ஒன்றும் இல்லையே?" என்றதற்கு இல்லை என்றுவிட்டார். தங்கை மட்டும் சமையலறைக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். கடுகுக் கிண்ணத்துக்கு அடியில் செய்தித்தாள் பொட்டலம். ஒரு வேளைக்கு மூன்று என்று வெட்டி வைத்த மாத்திரைகள். ஒன்றின் பின்புறத்தில் டைக்ளோ வரை படிக்க முடிகிறது. இன்னொன்று வெள்ளையில் பெரியது. மூன்றாவது குட்டியாக மஞ்சள், எழுத்தே இல்லை. தெருமுனை மெடிக்கலில் "மூட்டு வலிக்கு" என்று கேட்டால் கொடுப்பார்களாம். வைசோலோன் ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே தினமும் ராத்திரி ஒரு வேளை. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "அது சும்மா வலி மாத்திரைதானே" என்கிறார்.

மலத்தைப் பற்றித் தங்கைதான் கேட்டாள், என்னிடம் சொல்லமாட்டார். மூன்று நாளாகத் தார் மாதிரிதானாம். இரும்பு மாத்திரையால் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இரவுப்பணி | திங்கள், இரவு 9:31

வியாழன் எல்லாம் வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்தப் பொட்டலத்தையும் மருத்துவர் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்பதை நுழைந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், எண்டோஸ்கோபி செய்யலாம்.

மருந்துக்கடைச்செல்வி | திங்கள், இரவு 9:40

போய்விட்டு வந்து எழுதுங்கள் தம்பி. டைக்ளோவை இன்றோடு நிறுத்துங்கள்.

பழையபஞ்சாங்கம் | செவ்வாய், காலை 5:55

தம்பி, என்ன ஆயிற்று? தூக்கமில்லை.

வைகைக்கரையான் | புதன், இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மா இன்னும் வார்டில்தான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

ஹீமோகுளோபின் 8.6. செவ்வாய் காலை எண்டோஸ்கோபி பார்த்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். இளஞ்சிவப்புச் சுவர், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக ஒரு குழி, விளிம்பில் கருப்புப் புள்ளி. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. இரத்தம் நின்றிருந்தது. கிருமிக்குத் துளி எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் இருக்கிறதாம். பதினான்கு நாள் மருந்து கொடுக்கப் போகிறார்கள்.

ஸ்டீராய்டை நிறுத்தவில்லை. பெரிய மருத்துவரிடம் கேட்டேன், இதுதானே அமிலத்தைக் கூட்டியது என்று. "அமிலம் எப்போதும் இருப்பதுதான். புண்ணைப் போட்டது டைக்ளோவும் கிருமியும், ஆறவிடாதது ஸ்டீராய்டு" என்றார். பஞ்சாங்கம் ஐயா, கொத்தனார் கதையை அவருக்குச் சொன்னேன், சிரித்தார். புண் ஆறும் வரை கேஸ் மாத்திரை உண்டு. அப்புறமும் எவ்வளவு நாள் என்று வாத நோய் மருத்துவரோடு பேசி முடிவு செய்வார்களாம். அதையும் வருடக்கணக்கில் விழுங்கினால் பி12, மக்னீசியம் குறையும், ஏற்கெனவே ஸ்டீராய்டு எலும்பில் கை வைக்கிறது என்றார். முன்பு சீட்டிலிருந்து கேஸ் மாத்திரையை நீக்கியதுகூட, வலி மாத்திரை எதுவும் இல்லை என்று அம்மா சொன்னதை நம்பித்தான்.

இன்னொரு விஷயம். அம்மாவைப் பார்க்க எதிர்வீட்டு அத்தை வந்தார். பொட்டலம் கதையைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் மெதுவாகத் தன் பர்சைத் திறந்தார். அதே செய்தித்தாள் மடிப்பு, அதே குட்டி மஞ்சள் மாத்திரை. "இதையா சொல்கிறீர்கள்?" என்றார். அம்மாவுக்கு அந்தக் கடையைக் காட்டியதே அவர்தானாம். இப்போது பயந்துபோய், இன்று ராத்திரியிலிருந்தே தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்கிறார். அந்த மஞ்சள் என்ன மாத்திரை அக்கா?

மருந்துக்கடைச்செல்வி | புதன், இரவு 8:32

எழுத்தில்லாத மாத்திரையைப் பார்த்து யாரும் பெயர் சொல்ல முடியாது. ஆனால் இப்படி வெட்டிக் கொடுக்கும் செட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருப்பது வழக்கம். அதில் 0.75 மி.கி. என்பது வைசோலோன் 5 மி.கி.க்குச் சமம். அத்தை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்?

வைகைக்கரையான் | புதன், இரவு 8:36

மூன்று வருடமாம்.

மருந்துக்கடைச்செல்வி | புதன், இரவு 8:37

அப்படியானால் அவரைத் தூக்கிப் போட விடாதீர்கள் தம்பி. மஞ்சளை மட்டும் நிறுத்தாமல் தொடரட்டும், டைக்ளோ வேண்டாம். நாளைக் காலையில் பொட்டலத்தோடு அந்த மருத்துவரிடமே அழைத்துக்கொண்டு போங்கள். இப்போதே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வைகைக்கரையான் | புதன், இரவு 8:38

செருப்பு மாட்டிவிட்டேன்.